கீழாநெல்லியும் காமாலையும்: ஒரு கைமருந்து ஆய்வகம் சென்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மக்களின் கைவைத்திய மரபில் காமாலைக்கு உரிய மருந்தாக முதலில் நினைக்கப்படுவது கீழாநெல்லி. 1980களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரிலும் இச்செடி ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. 1988இல் வெளியான முதல் முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. இவ்வரலாறு பொதுவாக ‘அறிவியல் மெய்ப்பித்தது’ என்றோ ‘அறிவியல் பொய்ப்பித்தது’ என்றோ எடுத்துரைக்கப்படுகிறது. கைமருந்து ஆய்வகத்திற்குச் சென்ற வழியில் செடியின் பெயர், நோயின் பெயர், மருந்தின் வடிவம் ஆகிய மூன்றும் மாறின என்பதையும், அதனால் ஆய்வகம் விடை கண்ட கேள்வி மரபு எழுப்பிய கேள்வி அன்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கீழாநெல்லி, காமாலை, சித்த மருத்துவம், கைவைத்தியம், ஹெப்படைட்டிஸ் பி, மருத்துவ வரலாறு, காப்புரிமை.

முன்னுரை

மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் வயல் வரப்பிலும் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் தானாக முளைக்கும் சிறு செடி கீழாநெல்லி. உழவருக்கு அது களை. வீட்டிலுள்ள மூத்தோருக்கு அது மருந்து. கண் மஞ்சளானவுடன் இச்செடியை வேருடன் பிடுங்கி, அலசி, அரைத்து, பாலிலோ மோரிலோ கலக்கிக் கொடுப்பது தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் காணப்படும் வழக்கம். மருத்துவரிடம் செல்வதற்கு முன்னரும், சென்று வந்த பின்னரும் இது கொடுக்கப்படுகிறது.

கீழாநெல்லியைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்பட்டவற்றில் இருவகைக் கூற்றுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. உலகின் தலைசிறந்த மருத்துவ ஏடுகளில் ஒன்றே இதன் ஆற்றலை ஏற்றுக்கொண்டது என்பது ஒன்று. முறையான ஆய்வுகளில் இது தோற்றுவிட்டது, எனவே மரபு நம்பிக்கை அடிப்படையற்றது என்பது மற்றொன்று. இரண்டு கூற்றுகளும் ஒரே முற்கோளின் மீது நிற்கின்றன: வீட்டில் அரைக்கப்பட்ட மருந்தும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட மருந்தும் ஒன்றே என்பதே அது. அம்முற்கோள் சரியானதா என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இதன்பொருட்டு மூன்று வினாக்கள் முன்வைக்கப்படுகின்றன. கீழாநெல்லி என்பது எந்தச் செடி? காமாலை என்பது எந்த நோய்? மருந்து என்பது எந்த வடிவம்?

1. செடியும் பெயரும்

கீழாநெல்லி, கீழ்க்காய்நெல்லி, கீழ்வாய்நெல்லி எனத் தமிழில் வழங்கும் பெயர்கள் அனைத்தும் செடியின் புறத்தோற்றத்திலிருந்து பிறந்தவை. நெல்லி இலை போன்ற இலையடுக்கின் கீழ்ப்புறத்தில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தவர் இட்ட பெயர் அது. இலைக்காம்பின் கீழே காய் காணப்படும் சிறு நெல்லி எதுவாயினும் அப்பெயரைப் பெறத் தகும். பெயரிட்டவர்களின் நோக்கம் செடியை அடையாளம் காட்டுவது; ஒத்த தோற்றமுடைய செடிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தறிவது அன்று.

வடமொழி மருத்துவ நூல்களில் பூம்யாமலகி, தாமலகி என்னும் பெயர்கள் இச்செடியைக் குறிப்பனவாகப் பெரும்பாலோர் கொள்கின்றனர். சரக சங்கிதையின் மருந்துத் தொகுதிகளில் தாமலகி இருமலைத் தணிப்பனவற்றுள்ளும் இரைப்பைத் தணிப்பனவற்றுள்ளும் வைக்கப்பட்டுள்ளது. அந்நூலின் 50 தொகுதிகளில் காமாலைக்கெனத் தனித் தொகுதி இல்லை. ஆகவே, கீழாநெல்லி என்றாலே காமாலை என்னும் இறுகிய இணைப்பு இந்திய மருத்துவ மரபு முழுமைக்கும் தொடக்கத்திலிருந்தே பொதுவானது எனக் கொள்ள இயலாது. மரபு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

ஐரோப்பியத் தாவரவியலுக்குள் இச்செடி நுழைந்த வழி மலபார்க் கரையாகும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் அதற்கு முதன்மையான தகவலாளர்களுள் ஒருவர். 1690இல் வந்த 10ஆம் தொகுதியில் ‘கிர்கநேலி’ என்னும் பெயருடன் ஒரு செடியின் படம் உள்ளது. கீழ்க்காய்நெல்லி என்னும் மக்கள் வழக்குச் சொல்லின் ஒலி அவ்வெழுத்துக்கூட்டலில் இன்னும் கேட்கிறது.

1753இல் லின்னேயஸ் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்னும் இருசொற் பெயரை வழங்கினார். அதன் பின்னர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் இந்தியாவில் எழுதப்பட்ட தாவரவியல் நூல்களும் மருந்துப் பொருள் நூல்களும் கீழாநெல்லியை அப்பெயராலேயே குறித்தன. 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் மேற்கிந்தியத் தீவுகளின் ஃபில்லாந்தஸ் இனங்களை விரிவாக ஆராய்ந்தபோது, நிரூரி என்னும் பெயர் உண்மையில் அமெரிக்கச் செடி ஒன்றுக்கே உரியது என்பது தெளிவாயிற்று. 1985இல் மித்ராவும் ஜெயினும் இந்தியத் தாவர நூல்களில் ‘நிரூரி’ என்னும் கருத்தாக்கத்தை ஆராய்ந்து, ஹூக்கரின் ‘பிரித்தானிய இந்தியத் தாவரங்கள்’ அப்பெயரால் குறித்தது ஃபில்லாந்தஸ் அமரஸ், ஃபில்லாந்தஸ் ஃபிரேட்டர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் என்னும் மூன்று இனங்களின் கலவை எனக் காட்டினர்.

இம்மூன்றும் வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. பூவின் புல்லியிதழ்களை எண்ணினால் அமரஸில் 5, மற்ற இரண்டிலும் 6 இருக்கும். இவற்றுள் டெபிலிஸ் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக இருந்த கிளைன் இட்ட பெயரைத் தழுவி, வில்டெனோ 1805இல் அதனை வெளியிட்டார். அமரஸோ 1827இல் மேற்கு ஆப்பிரிக்கக் கினியாக் கரையின் மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டது. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பதே தாவரவியலார் பலரின் கருத்து. இன்று தமிழகத்தில் கீழாநெல்லி என்னும் பெயரில் மிகுதியாகப் பறிக்கப்படுவது அமரஸ். அமெரிக்கத் தாயகம் என்பது சரியானால், 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நூல்கள் குறிக்கும் செடி வேறோர் இனமாக இருந்திருக்க வேண்டும். பெயர் நிலைத்து நிற்க, பெயர் சுட்டும் செடி மாறியிருக்க வேண்டும். சுவடிகளில் உள்ள மூலிகைப் பெயர்களை இன்றைய இனப்பெயர்களோடு நேருக்கு நேர் பொருத்தும் பதிப்பாசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய இடம் இது.

2. காமாலை என்னும் நோய்ப்பெயர்

காமாலை கண்ணால் அறியப்படும் நோய். ‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்னும் பழமொழி அந்நோய் மக்கள் நினைவில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதைக் காட்டும். வெண்விழியும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் மஞ்சளித்தல், பசி இல்லாமை, வாய்க்குமட்டல், உடற்சோர்வு என்னும் குறிகளின் தொகுதியே காமாலை. சித்த மருத்துவம் இதனை அழல் குற்றத்தின் மிகுதியால் வருவதாகக் கொண்டு, ஊது காமாலை, வறட் காமாலை, கும்ப காமாலை எனப் பலவகையாகப் பகுக்கிறது. அப்பகுப்பு, உடல் வீங்குகிறதா, வற்றுகிறதா, நாட்பட்டு முற்றியதா என்னும் நோயாளியின் நிலையை அளவாகக் கொண்டது.

20ஆம் நூற்றாண்டின் மருத்துவம் இக்குறித் தொகுதியைக் காரணங்களின் அடிப்படையில் உடைத்தது. பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைப்பதால் வரும் மஞ்சள் ஒன்று. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வருவது மற்றொன்று. கல்லீரல் அழற்சியால் வருவது வேறொன்று. கல்லீரல் அழற்சிக்குள்ளும் நீர்வழி பரவும் வைரசுகள் வேறு, இரத்தவழி பரவும் வைரசுகள் வேறு. இவை அனைத்தும் வீட்டின் வாசலுக்கு ஒரே மஞ்சள் நிறத்துடனேயே வந்து சேர்கின்றன.

இவ்வேறுபாடு கைமருந்தின் வரலாற்றுக்கு மிக இன்றியமையாதது. நீர்வழி வரும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் ஈ ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் எம்மருந்தும் இன்றியே குணமடைகின்றனர். 1955 டிசம்பரில் தொடங்கி 1956 ஜனவரி வரை டெல்லியில் யமுனை நீர் மாசுபட்டதால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெப்படைட்டிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே அறியப்பட்டது. அத்தகைய கொள்ளைநோயின்போது கொடுக்கப்படும் எந்த மருந்தும் பெரும்பாலோரிடம் பலித்ததாகவே தோன்றும். அதேவேளையில் ஹெப்படைட்டிஸ் ஈ கருவுற்ற பெண்களுக்கு உயிரிழப்பை உண்டாக்கக் கூடியது. பித்தநாள அடைப்போ நாள் கடந்தால் ஆபத்தாகும். மஞ்சள் ஒன்றே ஆயினும் காத்திருக்கும் கால அளவு ஒன்றன்று.

3. கைமருந்தும் அதன் காலனியப் பதிவும்

மரபில் வழங்கும் மருந்து தனியொரு பொருள் அன்று. அது ஒரு நடைமுறை. பசுமையான செடியை அன்றன்று பறித்தல், வேருடன் அரைத்தல், கொட்டைப்பாக்கு அல்லது நெல்லிக்காய் அளவில் உருட்டல், பால் அல்லது மோர் துணையுடன் காலை வெறும் வயிற்றில் கொடுத்தல், சில நாட்களுக்கு உப்பும் புளியும் எண்ணெயும் நீக்கிய பத்தியம் காத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அது. சில இடங்களில் கரிசலாங்கண்ணியும் சேர்த்து அரைக்கப்படும். பத்தியம் முடிந்தபின் குளிப்பாட்டி வழக்கமான உணவுக்குத் திருப்புவதும் இதன் பகுதியே. கொழுப்புக் குறைந்த எளிய உணவும் ஓய்வும் நீர்ம உணவும் நோயாளிக்குக் கட்டாயமாகக் கிடைக்கும்படி செய்தது இந்நடைமுறை.

சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த வைட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையிலும், அதனை விரித்து 1826இல் இலண்டனிலும் வெளியிட்ட நூல்கள் தமிழ் வைத்தியர்கள் கையாண்ட மருந்துப் பொருள்களை ஆங்கில மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தின. 1858இல் சென்னையில் அச்சான ஹீபர் டிரூரியின் ‘இந்தியாவின் பயனுள்ள தாவரங்கள்’ கீழாநெல்லியின் காமாலைப் பயன்பாட்டை அளவுடன் பதிவு செய்கிறது: பச்சை வேரை அரை அவுன்சு அளவு அரைத்து, ஒரு கிண்ணம் பாலில் கலந்து, காலையும் மாலையும் கொடுக்க வேண்டும்; சில நாட்களில் நோய் நீங்கும்.

இப்பதிவில் இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, வேர் முதன்மை பெறுவது. இரண்டாவது, சில நாட்களில் குணம் என்னும் கால வரையறை. அது நாட்பட்ட நோய்க்கான வாக்குறுதி அன்று. திடீரெனத் தோன்றி மறையும் காமாலைக்கான வாக்குறுதி. பத்தியம் பற்றிய குறிப்பு அப்பதிவில் இடம்பெறவில்லை. நடைமுறையாக இருந்த மருந்து, அச்சில் ஏறும்போது ஒரு செடியும் ஓர் அளவுமாகச் சுருங்கத் தொடங்கியது இங்கேயே.

4. கசப்பின் சாரத்தைத் தேடி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செடிக்குள் இருக்கும் ‘செயற்படு பொருள்’ எது என்னும் தேடல் மேலோங்கியது. சிங்கோனாப் பட்டையிலிருந்து குவினைனும் அபினிலிருந்து மார்ஃபினும் பிரிக்கப்பட்டதே அதற்கு முன்மாதிரி. 1891இல் ஓட்டோ என்னும் ஆய்வாளர் கீழாநெல்லியின் கசப்புப் பொருளைப் பிரித்து அதற்கு ஃபில்லாந்தின் எனப் பெயரிட்டார். 1946இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்ரியும் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். 1960களில் இராமச்சந்திர ராவும் அவர் குழுவினரும் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ஆகியவற்றின் வேதியமைப்பைத் தெளிவுபடுத்தினர். இப்பொருள்கள் எல்லாக் கீழாநெல்லி இனங்களிலும் ஒரே அளவில் இல்லை. அமரஸிலேயே அவை மிகுதி. புல்லியிதழ் எண்ணிக்கையில் தொடங்கிய இனவேறுபாடு மருந்தின் உள்ளடக்கத்திலும் எதிரொலித்தது.

இதே காலத்தில் நாட்டு மருத்துவம் குறித்த அரசியல் விவாதமும் சென்னையில் நடந்தது. 1918இல் சென்னை அரசு நாட்டு மருந்துகளை ஆராயுமாறு எம். சி. கோமனை அமர்த்தியது. மருந்துகளைத் தனித்தனியே எடுத்துச் சோதித்த அவருடைய அறிக்கைகள் நாட்டு மருத்துவ முறைகளுக்குச் சாதகமாக அமையவில்லை. வைத்தியர்களின் எதிர்ப்புக்குப் பின் 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1923இல் அதன் அறிக்கை வந்தது. மருந்தை அதன் கோட்பாட்டிலிருந்து பிரித்துச் சோதிப்பது நியாயமா என்னும் வினா அப்போது எழுந்தது. 60 ஆண்டுகள் கழித்துக் கீழாநெல்லியின் வரலாற்றில் அதே வினா வேறு வடிவில் திரும்பி வந்தது.

5. சென்னையும் பிலடெல்ஃபியாவும்

1960களில் பாருக் புளூம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்ட புதிய ஆன்டிஜென், ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதம் எனப் பின்னர் அறியப்பட்டது. அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பால் காமாலையின் ஒரு வகை முதன்முறையாக இரத்தச் சோதனையால் அறியப்படும் நோயாயிற்று. அதனினும் முக்கியமாக, கண்ணில் மஞ்சளே இல்லாமல், தம்மிடம் நோய் இருப்பதே தெரியாமல், இரத்தத்தில் வைரசைச் சுமந்து வாழும் ‘நோய்த்தாங்கிகள்’ என்னும் புதிய வகையினர் மருத்துவத்தில் தோன்றினர். மரபு மருத்துவத்தில் இவர்களுக்கு நேரான பெயர் இல்லை. கண்ணால் காண இயலாததற்குப் பெயரிட வழியும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் 1982இல் கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகியவற்றின் சாறு சோதனைக் குழாயில் இம்மேற்பரப்பு ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக வெளியிட்டனர். வீடுகளில் சேர்த்து அரைக்கப்படும் அதே இரு மூலிகைகள் என்பது தற்செயல் அன்று. தேர்வுக்கு வழிகாட்டியது மரபறிவே. 1987இல் பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் வெங்கடேஸ்வரன், மில்மன், புளூம்பர்க் ஆகியோர் வுட்சக் என்னும் கொறிவிலங்கில் காணப்படும் ஒத்த வைரசின்மீது இச்சாறு செயற்படுவதாக அறிவித்தனர். அவ்வறிக்கையில் செடியின் பெயர் ‘நிரூரி’ என்றே இருந்தது.

1988 அக்டோபரில் ‘தி லான்செட்’ ஏட்டில் தியாகராஜனும் புளூம்பர்க்கும் உள்ளிட்ட குழுவினரின் கட்டுரை வந்தது. அதில் செடியின் பெயர் ‘அமரஸ்’ எனத் திருத்தம் பெற்றிருந்தது. வேர் நீக்கி உலர்த்திப் பொடித்த செடி, 200 மில்லிகிராம் உறைகளாக, நாளுக்கு மும்முறை, 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களுக்குப்பின் சோதித்தபோது, மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்றுமருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. நோய்த்தாங்கிகளிடம் இந்த ஆன்டிஜென் தானாக மறைவது ஆண்டுக்கு 100 பேரில் ஓரிருவருக்கே என்பதை நோக்க, இது வியப்பூட்டும் முடிவு. ஆய்வாளர்கள் இதனைத் தொடக்கநிலை ஆய்வு என்றே குறித்து, மேலும் ஆராய வேண்டும் என்றனர். மேற்கோள்களாகப் பரவியபோது அந்தத் தயக்கம் உதிர்ந்து, விழுக்காடு மட்டும் நின்றது.

6. மறுஆய்வுகளும் அவற்றின் முடிவும்

ஓர் ஆய்வின் முடிவைப் பிறர் வேறிடங்களில் திரும்பச் செய்து பார்ப்பது அறிவியலின் அடிப்படை நெறி. 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அறிகுறியற்ற நோய்த்தாங்கிகளிடம் அமரஸ் ஆன்டிஜெனை நீக்கத் தவறியதாக அதே லான்செட் ஏட்டில் அறிவித்தனர். 1991இல் நெதர்லாந்திலிருந்தும், 1994இல் நியூசிலாந்திலிருந்தும் ஒத்த முடிவுகள் வந்தன. 1994இல் இந்திய ஆய்வு ஒன்றும் பயன் காணவில்லை. 1995இல் வெளியான சீன ஆய்வு மூன்று வேறு இடங்களிலிருந்து பெற்ற மூன்று ஃபில்லாந்தஸ் மருந்துகளை ஒப்பிட்டது. அவற்றுள் ஓரளவேனும் மாறுதல் காட்டியது அமரஸ் அன்று. சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் யூரினாரியா.

2011இல் காக்ரேன் கூட்டமைப்பின் முறைசார் மீளாய்வு 1,326 நோயாளிகள் பங்குபெற்ற 16 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் வெற்றுமருந்தோடு ஒப்பிட்டது ஒன்றே. நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பிக்கு ஃபில்லாந்தஸ் பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே மீளாய்வின் முடிவு. இதற்கிடையில் தடுப்பூசி பரவலாயிற்று. வைரசைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் வந்தன. கீழாநெல்லியைப் பற்றிய பன்னாட்டு ஆர்வம் தணிந்தது.

முரண்பட்ட இம்முடிவுகளுக்கு ஆய்வாளர்கள் பல விளக்கங்களை முன்வைத்தனர்: செடியின் இனம் வேறு, விளைந்த மண் வேறு, அறுவடைக் காலம் வேறு, பிரித்தெடுத்த முறை வேறு, நோயாளிகள் வைரசைப் பெற்ற வயது வேறு என்பன அவை. முதல் ஆய்வில் பங்கேற்றோர் தொகை சிறிது. முடிவு கணக்கிடப்பட்ட இரு பிரிவினரின் எண்ணிக்கையும் சமமாக இல்லை. இவ்விளக்கங்களுள் எதுவும் முதல் முடிவை மீட்டுத் தரவில்லை. ஆயினும் அவை ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன: ‘கீழாநெல்லி’ என்பது ஆய்வகத்திலும் ஒற்றைப் பொருளாக இருந்ததில்லை. புளூம்பர்க்கே பின்னர் தாவரவியலாளர் வெப்ஸ்டருடன் இணைந்து ஃபில்லாந்தஸ் இனங்களின் பயன்பாட்டுப் பதிவுகளை உலகளவில் தொகுக்க முற்பட்டமை இதனை உணர்ந்ததன் விளைவு எனலாம்.

7. காப்புரிமையும் நோய்ப்பெயரும்

1987இல் வைரஸ் கல்லீரல் அழற்சிக்கான ஃபில்லாந்தஸ் மருந்துக்கு ஃபாக்ஸ் சேஸ் மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில், பிற நாட்டு மக்களின் வாய்மொழி வழக்கும் நடைமுறையும் முன்னறிவாகக் கொள்ளப்படவில்லை. அச்சில் வந்தவையே கணக்கில் சேரும். டிரூரியின் நூல் அச்சில் இருந்தது. ஆனால் அதில் இருந்தது காமாலை. காப்புரிமையில் இருந்தது வைரஸ். நோயின் பெயர் மாறியபோது பழைய அறிவு புதிய கண்டுபிடிப்பாகத் தோற்றமளிக்க இடம் கிடைத்தது.

மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு 1995இல் அளிக்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை இதனோடு ஒப்பிடத்தக்கது. மஞ்சளுக்குப் புண் என்னும் பெயர் மாறவில்லை; எனவே இந்தியா பழைய அச்சுச் சான்றுகளைக் காட்டி 1997இல் அதனை நீக்கச் செய்ய முடிந்தது. இவ்வனுபவங்களின் தொடர்ச்சியாக 2001இல் மரபறிவு எண்மின் நூலகப் பணி தொடங்கியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மரபறிவு காப்புரிமைக்கு உரியதன்று என்னும் விதி இந்தியச் சட்டத்தில் சேர்ந்தது. மரபுச் சொல்லை நவீன நோய்ப்பெயரோடு இணைக்கும் பணி இதனால் சட்டப் பொருளும் பெற்றுவிட்டது. காமாலையை ‘ஹெப்படைட்டிஸ்’ என எளிதில் மொழிபெயர்ப்பது காப்புரிமையைத் தடுக்க உதவலாம். நோயை அறிய உதவாது.

8. மாறியவை மூன்று

மேற்கண்ட வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், வீட்டிலிருந்து ஆய்வகத்திற்குச் சென்ற வழியில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தமை புலனாகும்.

முதலாவது, செடி. பல இனங்களைத் தழுவிய மக்கள் பெயர் நிரூரி என்னும் பொருந்தாப் பெயராகி, பின் அமரஸ் என்னும் ஓரினப் பெயராக ஒடுங்கியது. இரண்டாவது, நோய். கண்ணில் தெரியும் குறுகிய கால மஞ்சளுக்குரிய மருந்து, மஞ்சளே காணாத, பல்லாண்டு நீடிக்கும் வைரஸ் இருப்புக்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டது. மூன்றாவது, வடிவம். வேருடன் அரைத்த பச்சைச் செடி, பால் அல்லது மோர், பத்தியம், ஓய்வு என்பன சேர்ந்த நடைமுறை, வேர் நீக்கிய உலர் பொடியடைத்த உறையாயிற்று.

ஆகவே, 1988ஆம் ஆண்டு ஆய்வின் வெற்றி கைமருந்துக்குச் சான்றாகாது. பின்வந்த தோல்விகளும் கைமருந்துக்கு எதிர்ச்சான்றாகா. அதேவேளையில், இவ்வாதம் கைமருந்துக்கு அரணாகவும் ஆகாது. பெரும்பாலோர் தாமாகவே குணமடையும் நோயில், ‘கொடுத்தோம், குணமானது’ என்பது மருந்தின் ஆற்றலுக்குப் போதிய சான்று அன்று. மரபின் கூற்று பொய்ப்பிக்கப்படவில்லை என்பதும், அது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் ஒருங்கே உண்மை. ஹெப்படைட்டிஸ் பி நோய்த்தாங்கிகளுக்குக் கீழாநெல்லி போதும் என்பது மரபின் கூற்றே அன்று. அது 1988க்குப் பின் அறிவியலின் பெயரால் மரபின்மேல் ஏற்றப்பட்ட புதிய கூற்று. அறிவியலே பின்னர் கைவிட்ட கூற்று.

முடிவுரை

கீழாநெல்லியின் வரலாறு மரபுக்கும் அறிவியலுக்கும் நிகழ்ந்த போட்டியின் வரலாறு அன்று; மொழிபெயர்ப்பில் நேர்ந்த நழுவலின் வரலாறு. சொல்லுக்குச் சொல் நிகராகக் கொள்ளப்பட்டபோது, சொற்கள் சுட்டிய பொருள்கள் இடம் மாறின.

இதனால் பெறப்படும் முறையியல் முடிவுகள் மூன்று. மூலிகைப் பெயர்களைப் பதிப்பிப்போரும் தொகுப்போரும் ஓரினப் பெயரை உறுதியாகச் சூட்டுவதற்கு முன், அப்பெயர் வட்டாரத்தில் எந்தெந்தச் செடிகளைத் தழுவுகிறது என்பதைக் களத்தில் காணவேண்டும். நோய்ப்பெயர்களை நவீன நோய்களுக்கு நிகராக்குவதற்கு முன், அவை குறித்தொகுதிகளா காரணப் பெயர்களா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கைவைத்தியத்தை ஆவணப்படுத்துவோர் செடியையும் அளவையும் மட்டுமன்றி, துணைப்பொருள், பத்தியம், கால வரையறை ஆகியவற்றையும், பலிக்காத நிகழ்வுகளையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பலித்தவை மட்டும் நினைவில் நிற்பது வாய்மொழி மரபின் இயல்பு. அதனை நிறைவுசெய்வது ஆவணத்தின் கடமை.

இவற்றின் பயன் கல்விசார்ந்தது மட்டும் அன்று. மஞ்சள் கண்ட கண்ணோடு வருபவர் நீர்வழித் தொற்று உடையவரா, பித்தநாள அடைப்பு உடையவரா, கருவுற்றவரா என்பதை அரைத்த மூலிகை அறியாது. இரத்தச் சோதனை அறியும். கீழாநெல்லி எதற்காகச் சொல்லப்பட்டது, எதற்காகச் சொல்லப்படவில்லை என்னும் எல்லையை வரலாறு தெளிவாக வரைந்து காட்டுமாயின், மரபின் மதிப்பும் குறையாது; நோயாளியின் காலமும் வீணாகாது.